வேண்டாம் என்றால் வேண்டாம்தான்: பின்லாந்து வீட்டில் விருந்தாளியாகத் தங்க

பின்லாந்து வீட்டில் யாரும் உங்களை வற்புறுத்திச் சாப்பிட வைக்க மாட்டார்கள். "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார்கள். மரியாதைக்காக நீங்கள் "போதும், போதும்" என்றால் பாத்திரம் மேசையின் அடுத்த முனைக்குப் போய்விடும், திரும்பி வராது. பண்பாட்டுப் பரிமாற்றக் குழுக்களில் வரும் நம்மவர்களைத் தம்பெரே நகரத்துக் குடும்பங்களோடு சேர்த்துவைக்கும் வேலையைத் தன்னார்வலராகச் செய்துவருகிறேன். முதல் வாரத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் இந்தச் சங்கதிதான். விருந்தாளி பசியோடு படுத்திருப்பார். வீட்டுக்காரரோ தன் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தனியே வருந்திக்கொண்டிருப்பார்.

ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பழகிக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால் வேண்டும் என்றே சொல்லுங்கள். குளிர்கிறதா, களைப்பாக இருக்கிறதா, நாளைக்கு வெளியே போகாமல் அறையிலேயே இருக்க ஆசையா, அதையும் சொல்லலாம். இங்கே ஒருவர் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் மரியாதை. முகத்தைப் பார்த்து மனத்தை ஊகிப்பதை அத்துமீறலாக நினைப்பவர்களும் உண்டு.

புறப்படுவதற்கு முன்பு குடும்பத்துக்கு ஓர் அறிமுகக் கடிதம் அனுப்பச் சொல்வார்கள். அதில் "எதுவானாலும் சாப்பிடுவேன்" என்று பெருந்தன்மையாக எழுதிவிடாதீர்கள். "சைவம்" என்று மட்டும் எழுதினாலும் போதாது. முட்டை உண்டா, மீன் உண்டா, பால் பொருட்கள் உண்டா என்று பிரித்து எழுதுங்கள். உணவுக் கட்டுப்பாட்டைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது இந்த நாட்டில் அன்றாட வழக்கம். பால் செரிக்காதவர்களுக்கென்று லாக்டோஸ் நீக்கிய பால், தயிர், வெண்ணெய் எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதனால் கூச்சம் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வியாழக்கிழமைகளில் வழக்கமாகச் செய்யும் பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். பெயரைக் கேட்டுப் பட்டாணிதானே என்று கரண்டியை எடுத்துவிட வேண்டாம்.

பரிசுப் பொருள் சிறியதாக இருக்கட்டும். விலை உயர்ந்ததைக் கொடுத்தால் வாங்குபவர் திணறிப்போவார். பால், இறைச்சி சேர்ந்த பொருட்களை வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை உண்டு. ஆகவே பால்கோவாவை மறந்துவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் கறிவேப்பிலையும் கூடாது. மசாலாப் பொடி, தேயிலை, கைத்தறித் துண்டு போதும். பின்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதையும் குடும்பத்தின் அழைப்புக் கடிதத்தையும் உங்கள் குழுவின் அமைப்பாளர் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்கிறாரா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வந்து இறங்கியதும் காலணியை வாசலிலேயே கழற்றுவது நமக்குப் புதிதல்ல. பெயர் சொல்லி அழைப்பதுதான் கஷ்டமாக இருக்கும். எழுபது வயதானவரையும் முதல் பெயரால்தான் கூப்பிட வேண்டும். அங்கிள், ஆன்ட்டி, சார், மேடம் எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆசிரியரையே பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.

வீட்டைச் சுற்றிக் காட்டும்போது நான்கைந்து விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குளியலறை யாருக்கு எப்போது வேண்டும்? குளிர்பதனப் பெட்டியில் நான் எதை எடுக்கலாம்? குப்பையில் எது எந்தப் பெட்டிக்குள் போகும்? உணவுக் கழிவு, பிளாஸ்டிக், அட்டை, கண்ணாடி, உலோகம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரிப்பார்கள். குளிர்பானக் கேனையும் பாட்டிலையும் எறியாதீர்கள். அவற்றுக்கு வைப்புத்தொகை உண்டு, கடையில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். அடுக்குமாடி வீடென்றால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. குப்பை கொட்ட வெளியே போகும் அரை நிமிடத்துக்கும் சாவி கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பராமரிப்பு ஊழியரை அழைத்துக் காசு கொடுத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும்.

குளியலறையைப் பற்றி ஒரு நல்ல செய்தி: கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்தில், நம்மவர்கள் ஐரோப்பா முழுக்கத் தேடி ஏங்கும் அந்தக் கைக்குழாய் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். குளித்து முடித்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. சுவரோரம் நீளக் கைப்பிடியில் ரப்பர் பட்டை பொருத்திய துடைப்பான் ஒன்று நிற்கும். அதை எடுத்துத் தரையில் தேங்கிய நீர் முழுவதையும் வடிகால் பக்கம் இழுத்துவிட்டு வர வேண்டும். இதைச் செய்யாமல் வந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அடுத்தவர் சத்தமில்லாமல் செய்துகொள்வார். நீங்கள் செய்துவிட்டு வந்தால் அன்றே உங்கள் மதிப்பு ஏறிவிடும்.

சாப்பாட்டு நேரம் நம் வயிற்றுக்கு ஒத்துவராது. மதிய உணவு 11 மணிக்கே தொடங்கிவிடும், மாலைச் சாப்பாடு 5 மணி வாக்கில். எட்டு மணிக்கு ரொட்டி, தயிர் என்று சிறு தீனி உண்டு. அதைத் தவறவிட்டால் இரவு நீளம். கம்பு ரொட்டியைப் போலக் கருத்து, புளித்து, பல்லுக்கு வேலை வைக்கும் ரை என்ற தானிய ரொட்டியை முதல் நாள் வெறுத்தவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் திணித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ரை மாவு ஓட்டுக்குள் அரிசிக் கஞ்சி வைத்துச் சுட்ட கரேலியப் பணியாரத்தை, முட்டை வெண்ணெய் தடவித் தருவார்கள். சோற்று ஏக்கத்துக்கு அது ஓரளவு மருந்து. குடிநீர் குழாய்த் தண்ணீர்தான், நன்றாக இருக்கும். காபியோ ஓயாமல் வரும். உலகத்திலேயே ஆளுக்கு அதிகம் காபி குடிக்கும் நாடுகளில் இது ஒன்று. லேசாக வறுத்த கொட்டை, பால் பேருக்கு, கூடவே ஏலக்காய் மணக்கும் புல்லா என்ற பன்.

ஒரு நாள் நீங்கள் சமைப்பதாகச் சொல்லுங்கள், மகிழ்வார்கள். ஆனால் எல்லா வீடுகளிலும் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம். மிளகாய் தாளித்தால் அது அலறும். அடுப்பின் மேலிருக்கும் காற்றுறிஞ்சியை முழு வேகத்தில் வைத்துவிட்டுக் கடுகைப் போடுங்கள். காரத்தைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுவது உத்தமம்.

இனி சவுனா, அதாவது சூடேற்றிய கற்கள் இருக்கும் மர அறையில் உட்கார்ந்து வியர்க்கும் குளியல். சுமார் 56 லட்சம் பேர் வாழும் நாட்டில் சுமார் 30 லட்சம் சவுனாக்கள். 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. எங்கள் தம்பெரேயில், பிஸ்பலா மேட்டில் இருக்கும் ராயபோர்த்தி பொதுச் சவுனா 1906இலிருந்து இயங்குகிறது. நாட்டில் இன்றும் நடக்கும் பொதுச் சவுனாக்களில் அதுதான் மிகப் பழையது.

உடை இல்லாமல் போவதுதான் வழக்கம் என்பதால் நம்மவர்கள் வாரக்கணக்கில் முன்கூட்டியே கவலைப்படுகிறார்கள். விருந்தாளி வந்தால் பெண்கள் ஒரு முறை, ஆண்கள் ஒரு முறை என்று பிரித்துக்கொள்வார்கள். தனியாகப் போகிறேன், துண்டு கட்டிக்கொள்கிறேன், இன்று வேண்டாம், இவற்றில் எதைச் சொன்னாலும் ஒருவரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் அந்த விதி இங்கே உங்களுக்குச் சாதகமாக வேலை செய்யும்.

போவதென்று முடிவு செய்தால் முதலில் உடம்பைக் கழுவுங்கள். மோதிரம், சங்கிலி, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். 80 டிகிரி வெப்பத்தில் உலோகம் தோலைச் சுட்டுவிடும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் அதன் அடியில் ஈரத்துணி வைத்துக் கீழ்ப்படியில் உட்காரட்டும், அங்கே சூடு குறைவு. கொடுக்கும் சிறு துணியை விரித்து அதன்மேல்தான் அமர வேண்டும். கல்லின் மேல் தண்ணீர் வார்த்தால் எழும் ஆவியை லொய்லு என்பார்கள். அகப்பை உங்கள் கையில் இருந்தால் மற்றவர்களைக் கேட்டுவிட்டு ஊற்றுங்கள். மூக்கு எரிந்தால் தலையைக் குனிந்து கையால் மூடிக்கொண்டு மெல்ல மூச்சு விடுங்கள். போதும் என்று தோன்றியவுடன் எழுந்து வெளியே வரலாம். யார் அதிக நேரம் தாங்குகிறார் என்ற போட்டிக்கு இது இடமல்ல. இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வரவேண்டும்.

கோடையில் வந்தால் ஏரிக்கரைக் குடிசைக்கு அழைத்துப் போவார்கள். மொக்கி என்று பெயர். குடிசை என்றாலும் சிலருடையது பங்களா. சிலருடையதில் குழாயும் இருக்காது, கழிப்பறை தோட்டத்தின் மூலையில் மரக் கூண்டு. தண்ணீர் ஊற்ற வேண்டாம். பக்கத்து வாளியிலிருந்து மரத்தூள் ஒரு கரண்டி அள்ளித் தூவிவிட்டு மூடியைச் சாத்துங்கள். கொசு மருந்து அவசியம். நீச்சல் தெரியாது என்பதை ஏரிக்குப் போவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அங்கே எல்லோருக்கும் நீந்தத் தெரியும் என்றே நினைத்துக்கொள்வார்கள். காட்டில் நீல பெர்ரிப் பழங்களை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். காடு யாருடையதாக இருந்தாலும் சட்டம் அனுமதிக்கிறது. வீட்டை ஒட்டிய தோட்டத்துக்கு மட்டும் அது பொருந்தாது.

அங்கே மாலை முழுவதும் ஒருவரும் பேசாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோபமோ சலிப்போ இல்லை. நீங்களும் சும்மா இருங்கள். பேச்சைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு விருந்தாளிக்குக் கிடையாது. யாராவது பேசினால் முடிக்கும் வரை காத்திருங்கள். இடையில் விழும் மௌனத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதற்குப் பிறகும் ஒரு வாக்கியம் வரக்கூடும்.

குளிர்காலத்தில் வருபவர்கள் இருட்டில் நடக்கும்போது உடையில் ஒளி பிரதிபலிக்கும் வில்லை தொங்கவிட வேண்டும், அது சட்டம். கோடையில் நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும் என்பதால் கண் மறைக்கும் துணி ஒன்று கொண்டுவாருங்கள்.

கிளம்பும் நாள் காலையில் படுக்கை விரிப்பையும் உறைகளையும் கழற்றி மடித்து, எங்கே போடுவது என்று கேளுங்கள். ரயில் நிலையத்துக்கு எத்தனை மணிக்கு என்று சொன்னார்களோ அந்த நிமிடத்தில் பெட்டியோடு வாசலில் நில்லுங்கள். ஐந்து நிமிடத் தாமதம் இங்கே தாமதம்தான். விடைபெறுவது சுருக்கமாக முடிந்துவிடும், அதைக் கண்டு மனம் நோக வேண்டாம். ஊர் போய்ச் சேர்ந்ததும் நல்லபடியாக வந்தேன் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, எடுத்த படங்களை வெளியிடுவதற்கு முன்பு, முக்கியமாகப் பிள்ளைகள் இருக்கும் படங்களை, அவர்களுக்கு அனுப்பி அனுமதி கேளுங்கள். "இந்தப் படம் வேண்டாம்" என்று பதில் வந்தால் மறுபடியும் கேட்காதீர்கள்.