இஸ்ரேல்–பாலஸ்தீன விளக்கங்களில் சார்பைக் கண்டுபிடிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

அக்கா மகள் போன வாரம் இரண்டு வீடியோக்களை அனுப்பியிருந்தாள். இரண்டும் பத்து நிமிடம், இரண்டும் ‘பிரச்சினையை எளிமையாகப் புரிந்துகொள்வோம்’ வகை. “மாமா, ரெண்டுலயும் பொய்னு ஒண்ணையும் சொல்ல முடியல. ஆனா ரெண்டும் வேற வேற கதையா இருக்கே?” என்று கேட்டாள். அன்று மாலை அவளோடு உட்கார்ந்து, நோட்டும் பென்சிலுமாகச் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒரே ஒரு விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கட்டுரையோ வீடியோவோ. பாதியில் கோபம் வந்தாலும் முழுதாக ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

படி 1: முதலில் வரும் ஆண்டை வட்டமிடுங்கள்

பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். 1917இல் தொடங்கும் விளக்கம் பால்ஃபர் கடிதத்தைச் சொல்லும்: பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைய பிரிட்டன் ஆதரவு தரும் என்றது அது. அப்போது அந்த மண்ணில் பெரும்பான்மையோர் அரேபியர்கள். ஆகவே இது, அடுத்தவர் ஊரைக் காலனிய அரசு வாக்குக் கொடுத்த கதையாகிறது. 1929இல் தொடங்கினால், ஹெப்ரோன் நகரில் 67 யூதர்கள் கொல்லப்பட்டதிலிருந்து பார்க்கிறோம். 1947 நவம்பர் 29 என்றால், பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் ஐ.நா. திட்டத்தை யூதத் தலைமை ஏற்றது, அரபுத் தலைமை மறுத்தது என்று ஆரம்பிக்கும். 1948 என்றால் ஏறக்குறைய ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் ஊரையும் வீட்டையும் இழந்த நக்பா (அரபியில் ‘பேரழிவு’). 2023 அக்டோபர் 7 என்றால், ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டு, 251 பேர் பணயக்கைதிகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட நாள்.

இதில் எந்த ஆண்டும் பொய்யில்லை. தொடங்கும் இடத்தில் அடி வாங்குபவர் யாரோ, கடைசிவரை நம் மனம் அவர் பக்கமே நிற்கும். அதனால் வட்டமிட்ட ஆண்டுக்கு முன்னால் பத்து வருடம் பின்னோக்கிப் போய், என்ன நடந்தது என்று தேடி எழுதுங்கள்.

அவள் அனுப்பிய ஒரு வீடியோ 2005இல் தொடங்கியது: இஸ்ரேல் காசாவிலிருந்து தன் ராணுவத்தையும், அங்கே குடியமர்ந்திருந்த இஸ்ரேலியர்களான குடியேறிகளையும் வெளியேற்றியது, பதிலுக்கு ராக்கெட் வந்தது. நடந்ததுதான். ஆனால் அதற்கு முந்தைய 38 ஆண்டு ராணுவ ஆக்கிரமிப்பு அதில் இல்லை. 2007க்குப் பின் வந்த முற்றுகைக்கு அரை வாக்கியம்கூட இல்லை.

இடையில் எங்கே தாவுகிறது என்றும் பாருங்கள். நான் எப்போதும் கேட்கும் சோதனைக் கேள்வி ஒன்று உண்டு: ‘இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்துகொண்ட 1993 ஓஸ்லோ அமைதி ஒப்பந்தம் ஏன் தோற்றது?’ 1994 பிப்ரவரியில் ஹெப்ரோன் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக்கொன்றது, 1994 முதல் 1996 வரை ஹமாஸ் நடத்திய பேருந்துத் தற்கொலைத் தாக்குதல்கள், 1995இல் இஸ்ரேல் பிரதமர் ராபினை யூதத் தீவிரவாதி ஒருவர் கொன்றது, பேச்சுவார்த்தை நடக்கும்போதே வளர்ந்துகொண்டிருந்த குடியேற்றங்கள், 2000இல் முறிந்த கேம்ப் டேவிட் பேச்சு. இவற்றில் ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்லிக் கடந்துபோகும் விளக்கத்தை நான் நம்புவதில்லை.

படி 2: வினைச்சொல்லின் எழுவாயைத் தேடுங்கள்

கொன்றார்கள், கொல்லப்பட்டார்கள், உயிரிழந்தார்கள், பலி. தமிழில் இந்த நான்கும் நான்கு தூரத்தில் நிற்கின்றன. ‘காசாவில் 20 பேர் பலி’ என்ற தலைப்பில் கொன்றவரே கிடையாது, ஏதோ வெள்ளம் வந்ததுபோல. ஒரு தரப்பு ‘கொன்றது’, மறுதரப்பு இறக்கும்போது மட்டும் ‘பலி’ என்று வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள்.

ஆனால் அவசரப்படாதீர்கள். எழுவாய் இல்லாதது எப்போதும் குற்றமில்லை. 2022 மே 11 அன்று அல் ஜசீரா செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே, ஜெனினில் இஸ்ரேல் ராணுவ நடவடிக்கையைப் பதிவு செய்யப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ‘பிரஸ்’ என்று எழுதிய கவசம் அணிந்திருந்தார். பாலஸ்தீனர்களின் குண்டாக இருக்கலாம் என்றது ராணுவம் முதலில். அந்த முதல் சில மணி நேரத்தில் ‘சுட்டுக் கொல்லப்பட்டார்’ என்று மட்டும் எழுதியவரை நான் குறைசொல்ல மாட்டேன். அதே ஆண்டு செப்டம்பரில், இஸ்ரேல் வீரரின் குண்டு தவறுதலாகப் பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ராணுவமே சொல்லிவிட்டது. அதன் பிறகும் ஒரு விளக்கம் ‘மோதலில் உயிரிழந்தார்’ என்று எழுதினால், அது சார்பு.

இதற்கு நேர் எதிரான தவறும் நடந்திருக்கிறது. 2023 அக்டோபர் 17, காசாவின் அல்-அஹ்லி மருத்துவமனையில் வெடிப்பு. இஸ்ரேல் வான்தாக்குதல், 500 பேர் பலி என்ற பாலஸ்தீனத் தரப்பின் கூற்று சில நிமிடங்களில் உலகம் முழுவதும் தலைப்பாகிவிட்டது. இலக்கு தவறிய பாலஸ்தீன ராக்கெட்டே காரணம் என்ற மதிப்பீடு பின்னர் அமெரிக்காவிடமிருந்து வந்தது, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பும் கிடைத்த ஆதாரங்கள் அப்படித்தான் காட்டுகின்றன என்றது. அந்த ராக்கெட்டை ஏவியதாகச் சொல்லப்படும் பாலஸ்தீன ஆயுதக் குழுவான இஸ்லாமிய ஜிகாத் அதை மறுக்கிறது. காசா சுகாதார அமைச்சகம் சொன்ன எண்ணிக்கை 471, அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீடு 100 முதல் 300. நியூயார்க் டைம்ஸ், தன் ஆரம்பச் செய்தி ஹமாஸின் கூற்றை அளவுக்கு மீறிச் சார்ந்திருந்தது என்று ஆசிரியர் குறிப்பே வெளியிட்டது. தவறைத் திருத்தி, திருத்தியதையும் வெளியில் சொல்லும் இடத்துக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போடுவேன்.

படி 3: பெயர்களுக்கு அடிக்கோடு

மேற்குக் கரையா, ‘யூதேயா, சமாரியா’வா? ஜோர்டான் நதிக்கு மேற்கே 1967இல் இஸ்ரேல் பிடித்த ஒரே பகுதிக்குத்தான் இந்த இரண்டு பெயரும். பாதுகாப்பு வேலியா, பிரிவினைச் சுவரா? மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டிய தடுப்பைச் சொல்கிறேன். அதன் பெரும்பகுதி கம்பி வேலி, நகர்ப்பகுதிகளில் உயரமான கான்கிரீட் சுவர். இரண்டு பெயரும் பாதிப் படத்தைக் காட்டுகின்றன. ஆனால் எல்லாச் சொல்ஜோடிக்கும் இப்படிச் சரிபாதி எடை கிடையாது. மேற்குக் கரையை ‘ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி’ என்பது ஐ.நா.வும் சர்வதேச நீதிமன்றமும் பயன்படுத்தும் சொல். ‘சர்ச்சைக்குரிய பகுதி’ என்பது இஸ்ரேல் அரசின் நிலைப்பாடு. இரண்டாவதை யார் சொன்னது என்று குறிப்பிடாமல் எழுதினால் கோடு போடுங்கள்.

தமிழில் படிப்பவர்கள் ஓர் இடத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1967 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்கிறது. ஆங்கில வாசகத்தில் ‘டெரிடரீஸ்’ (பகுதிகள்) என்ற சொல்லுக்கு முன்னால் ‘த’ (the) என்ற சுட்டுச்சொல் இல்லை. ஆகவே எல்லாப் பகுதியிலிருந்தும் விலகத் தேவையில்லை என்பது இஸ்ரேலின் வாதம். பிரெஞ்சு வாசகத்தை ‘அந்தப் பகுதிகள்’ என்றே படிக்கலாம் என்பது அரபு நாடுகளின் வாதம். தமிழிலோ அந்த ‘the’ என்ற சங்கதியே கிடையாது. ‘அனைத்துப் பகுதிகளிலிருந்தும்’ என்றோ ‘சில பகுதிகளிலிருந்து’ என்றோ மொழிபெயர்த்திருந்தால், அரை நூற்றாண்டுக்கும் மேலான வழக்கில் மொழிபெயர்ப்பாளர் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

படி 4: எண்ணுக்குப் பக்கத்தில் யார் பெயர்?

‘ஹமாஸ் கட்டுப்பாட்டில் உள்ள சுகாதார அமைச்சகம்’ என்ற அடைமொழி உண்மைதான். 2014 போரில் அந்த அமைச்சகம் சொன்னது 2,310 பேர், ஐ.நா. தனியாக எண்ணியது 2,251. அடைமொழியைச் சேர்ப்பவர் இதையும் சொல்ல வேண்டும். போராளிகளையும் பொதுமக்களையும் அந்த எண்ணிக்கை பிரிப்பதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. மறுபக்கம், அக்டோபர் 7 பலி எண்ணிக்கையை இஸ்ரேலே 1,400லிருந்து சுமார் 1,200 ஆகக் குறைத்தது. அடையாளம் தெரியாத உடல்களில் தாக்கியவர்களுடையவையும் கலந்திருந்தன. போர்க்காலத்தில் எண் மாறுவது இயல்பு. ஒரு தரப்பின் எண்ணுக்கு மட்டும் சந்தேக முத்திரை விழுகிறதா என்று பாருங்கள்.

படி 5: வரைபடம்

1946 முதல் பாலஸ்தீன நிலம் சுருங்குவதைக் காட்டும் நான்கு பட வரிசையைப் பார்த்திருப்பீர்கள். 2015இல் எம்.எஸ்.என்.பி.சி. என்ற அமெரிக்கச் செய்தி சேனல் அதைக் காட்டிவிட்டு, தவறு என்று ஒப்புக்கொண்டது. முதல் படம் நில உடைமையையும் ஆட்சி அதிகாரத்தையும் ஒன்றாகக் குழப்புகிறது. இஸ்ரேலையும் மேற்குக் கரையையும் பிரிக்கும் பச்சைக் கோடே இல்லாத இஸ்ரேல் வரைபடமும், இஸ்ரேல் என்ற பெயரே இல்லாத பாலஸ்தீன வரைபடமும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

படி 6: உங்களுக்குப் பிடித்ததில் திரும்பச் செய்யுங்கள்

1982இல் பெய்ரூட்டின் சப்ரா, ஷதீலா பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய டிவி செய்திகளை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆய்வு 1985இல் வெளியானது. இஸ்ரேல் ஆதரவாளர்களும் அரபு ஆதரவாளர்களும் பார்த்தது ஒரே காட்சிகள். இந்தச் செய்தி எங்களுக்கு எதிராகச் சாய்கிறது என்று இரு தரப்பும் சொன்னது.

அக்கா மகளும் தனக்குப் பிடிக்காத வீடியோவில் பதினோரு கோடு போட்டிருந்தாள், பிடித்ததில் இரண்டு. நோட்டை மாற்றிக்கொண்டோம். பிடித்த வீடியோவை அவள் மறுபடி ஓட்டினாள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி நிறுத்தி. ஓஸ்லோ பகுதியில் பேருந்துக் குண்டுகள் இல்லவே இல்லை என்று இந்த முறை அவளே கண்டுபிடித்தாள். ராத்திரி சாப்பிடக் கூப்பிடும்போது எண்ணிக்கை ஏழுக்கு வந்திருந்தது.