'கஷ்டமா இருக்கு'ன்னா என்ன அர்த்தம், அண்ணே?

பினாங்கில், பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஃபெர்ரியில் போகும்போது சின்னச் சின்ன பிரௌசர் கேம்களை விளையாடிப் பார்ப்பது என் பழக்கம். எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், பெரும்பாலும் காசும் வேண்டாம், லிங்க்கைத் தட்டினால் கேம் வந்துவிடும். 2020 கடைசியில் இந்த மாதிரி கேம்களை பிரௌசரில் ஓட்டிவந்த ஃப்ளாஷ் மென்பொருளை நிறுத்தியபோது இந்த வகையே செத்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் இன்று இட்ச்.ஐஓ என்ற கேம் தளத்தில் கொட்டிக் கிடக்கிறது. இவற்றில் பாதிக்கு மேல் ஒற்றை ஆள், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி கண் விழித்துச் செய்த மாதிரிதான் தெரியும். அவர்களுக்கு டெஸ்டர் வைக்க வசதி கிடையாது. விளையாடிவிட்டு நாம் சொல்கிற நாலு வரிதான் எல்லாம், அந்த நாலு வரியை நான் பல வருஷம் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவன் ஒரு கேம் செய்தான். ஃபெர்ரியில் கார்களை ஏற்றிக்கொண்டு போய் எதிர்க்கரை ஜெட்டியில் (படகுத்துறையில்) இடிக்காமல் நிறுத்த வேண்டும். (நிஜ ஃபெர்ரியில் 2021 முதல் கார் ஏற்றுவதில்லை, பழைய ஞாபகத்தில் செய்திருக்கிறான்.) வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாடினேன், பத்து தடவையும் ஜெட்டியில் போய் மோதினேன். "சூப்பர் தம்பி, ஆனா ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். அவன் ஜெட்டியை அகலமாக்கினான். மறுபடி மோதினேன். இன்னும் அகலமாக்கினான். இதற்குள் மற்றவர்கள் எல்லாரும் "ரொம்ப ஈஸி, போரடிக்குது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கே வந்து, நான் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்தான். "அண்ணே, உங்க ஃபெர்ரி ஏன் ஸ்பீட்போட் மாதிரி போவுது?"

விஷயம் இதுதான். என் திரை 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும், அவனுடையது 60. திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஃபெர்ரி இத்தனை பிக்சல் நகர வேண்டும் என்று அவன் எழுதியிருந்தான், அதனால் என் வீட்டில் கேம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வேகத்தில் ஓடியது. 'கஷ்டம்' என்ற என் ஒரு சொல்லை நம்பி அவன் இரண்டு வாரம் ஜெட்டியை இழுத்து இழுத்து அகலமாக்கியிருக்கிறான். "கண்ணிமைக்கும் முன்னாடி கரை வந்துடுது, என் திரை 144 ஹெர்ட்ஸ்" என்று எழுதியிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பான்.

அதிலிருந்து நான் தீர்ப்பைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நடந்ததை முதலில் எழுதுகிறேன். என்ன அழுத்தினேன், என்ன ஆகும் என்று எதிர்பார்த்தேன், திரையில் என்ன ஆனது. நல்லா இருக்கு, நல்லா இல்லை எல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் ஐந்து நிமிடம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் செய்தவனால் தன் கேமை முதல்முறையாகப் பார்க்கவே முடியாது. எதை எங்கே தட்ட வேண்டும் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால் முதல் தடவை விளையாடும்போது பக்கத்தில் ஒரு தாளோ போன் நோட்டோ வைத்துக்கொள்ளுங்கள், முழித்த இடத்தையெல்லாம் அப்படியே கிறுக்குங்கள். "இந்தச் சிவப்புப் பெட்டி எதிரி என்று நினைத்து ஒதுங்கிப் போனேன், அப்புறம்தான் அது உயிர் என்று தெரிந்தது." இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். உங்களுக்குப் புரியவில்லை என்றால் இன்னும் பத்து பேருக்குப் புரியாமல் போயிருக்கும், அவர்கள் ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

எங்கே விட்டீர்கள் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். "மூணாவது லெவலில் நாலு தடவை செத்தேன், பழையபடி ஆரம்பத்திலிருந்து வரச் சொன்னது, மூடிவிட்டேன்." கேட்கக் கொஞ்சம் கசக்கும்தான், ஆனால் அதைவிடப் பயன்படும் தகவல் கிடையாது.

வைத்தியம் சொல்வதில் மட்டும் கொஞ்சம் அடக்கம் வேண்டும். "மேப் போடு" என்று ஒருத்தர் சொல்வார். உண்மையில் நடந்தது என்னவென்றால், எல்லா அறையின் சுவரும் ஒரே நிறம், அவர் வழி தெரியாமல் சுற்றியிருக்கிறார். அதைச் சொன்னால் செய்தவன் ஒரு சுவருக்கு மஞ்சள் அடித்து அரை மணி நேரத்தில் முடிப்பான். மேப் என்றால் ஒரு வாரம் போய்விடும். யோசனை இருந்தால் சொல்லலாம், தப்பில்லை, நோயைச் சொன்ன பிறகு சொல்லுங்கள்.

பிரௌசர் கேமுக்கே உரிய சில தொல்லைகள் உண்டு. எந்த போன், எந்த பிரௌசர் என்று கட்டாயம் எழுதுங்கள். சத்தம் வரவில்லையா, ஒருமுறை திரையைத் தட்டிய பிறகு வந்ததா என்று பாருங்கள், ஏனென்றால் நாம் எதையாவது தொடும்வரை பிரௌசர்கள் பொதுவாகச் சத்தத்தை விடுவதில்லை. அம்புக்குறி விசையை அழுத்தினால் ஆள் நகர்வதோடு பக்கமும் சேர்ந்து உருளுகிறதா? சேமித்த ஆட்டம் காணாமல் போய்விட்டதா? பிரைவேட் விண்டோவில் விளையாடியிருந்தால் அது போகத்தான் செய்யும். சஃபாரியில் ஒரு தளத்தை ஏழு நாள் தொடாமல் விட்டாலும் அது சேமித்ததை பிரௌசரே அழித்துவிடலாம். கேம் உறைந்து நின்றால், கம்ப்யூட்டரில் எஃப்12 தட்டி, திறக்கும் பகுதியில் 'கன்சோல்' என்ற இடத்தில் தெரியும் சிவப்பு வரிகளை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். அந்த வரிகள் உங்களுக்குப் புரிய வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஐபோன், சஃபாரி, போனை நிமிர்த்திப் பிடித்து ஆறு நிமிடம் விளையாடினேன். ஃபெர்ரி கிளம்பும்போது வரும் ஹாரன் சத்தம் அருமை, அதை மாத்திடாதே. கார்களை ஏற்ற இழுக்கணுமா தட்டணுமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திணறினேன். என் கட்டைவிரல் பிரேக் பட்டனையே மறைக்குது. மழை லெவலோடு நிறுத்திட்டேன், அலை எந்தப் பக்கம் தள்ளுதுன்னு தெரியலை." அவ்வளவுதான். பதினைந்து குறை கண்ணில் பட்டாலும் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன், வேண்டுமானால் மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பிடித்ததையும் இன்னது என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பதிப்பில் அதையே தூக்கிவிடுவான். எனக்கு இப்படி ஒரு நல்ல ஹாரன் ஏற்கெனவே போயிருக்கிறது.

லுடம் டேர் மாதிரி 48 மணி நேரத்தில் செய்து முடிக்கும் போட்டிக்கு வந்த கேமிடம் போய் "லெவல் கம்மி" என்று சொல்வது அநியாயம். அதே மாதிரி, உங்களுக்குப் புதிர் கேமே பிடிக்காது என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், அவன் அதற்கேற்ற மாதிரி எடுத்துக்கொள்வான். கிண்டல் வேண்டாம். மாமாக் கடையில் தே தாரிக் குடித்தபடி எதிரே உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்து அந்த வரியைச் சொல்வீர்களா என்று நினைத்துப் பாருங்கள், சொல்ல மாட்டீர்கள் என்றால் அனுப்பாதீர்கள்.

இரண்டு மூன்று பதிப்பு பார்த்த பிறகு உங்கள் கண்ணும் பழகிவிடும். எனக்கும் அப்படித்தான் ஆனது, எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியது. போனை அம்மாவிடம் நீட்டினேன், ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா கீழே இருந்த 'தொடங்கு' பொத்தானைப் பார்க்கவே இல்லை, நடுவில் இருந்த ஃபெர்ரிப் படத்தை நாலு தடவை தட்டினார். "இது ஆட்டமா, சும்மா படமா?" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை ஒரு எழுத்து மாற்றாமல் தம்பிக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் திறந்து ஃபெர்ரியைத் தட்டினேன், ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது.