மிசிசிப்பி டெல்டாவுக்குக் குடிவரும் தமிழர்களுக்கு: அரிசி, பருப்பு, காய்கறிக்கு எங்கே போவது?

டெல்டா என்பது மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்குச் சமவெளி. டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரிலிருந்து 61ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் கிளார்க்ஸ்டேல், கிளீவ்லண்ட், ரோலிங் ஃபோர்க் என்று ஊர்கள் வரும். இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். ஆனால் விளைவது சோயா, பருத்தி, மக்காச்சோளம், நெல். எல்லாம் லாரி ஏறிப் போய்விடும். உள்ளூர்க் கடைத் தட்டில் இருக்கும் தக்காளி கலிஃபோர்னியாவிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ வந்ததாக இருக்கும். வருமானம் குறைந்த கிராமப் பகுதியில் கணிசமானோருக்கு சூப்பர்மார்க்கெட் 10 மைலுக்கு (16 கி.மீ.) அப்பால் இருந்தால், அமெரிக்க வேளாண்துறை அதை உணவு எட்டாத பகுதியாகக் குறிக்கிறது. 'உணவுப் பாலைவனம்' என்று செய்திகளில் வருவது இதுதான். டெல்டாவின் பல ஊர்கள் இந்தக் கணக்கில் வரும்.

இங்கே வரும் தமிழர்களில் மருத்துவர்கள் அதிகம். ஜே-1 என்ற பரிமாற்றப் பயிற்சி விசாவில் பயிற்சி முடித்தவர் நாடு திரும்பாமல் இருக்க, மருத்துவர் தட்டுப்பாடுள்ள பகுதியில் 3 ஆண்டு வேலை பார்க்கலாம்; கான்ராட் 30 திட்டத்தில் ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம். சம்பளம் நன்றாகவே இருக்கும். ஆனால் உளுந்து வாங்க அந்தச் சம்பளம் மட்டும் போதாது, வண்டியும் வேண்டும்.

எந்தக் கடையில் என்ன

ஊருக்குள் இருப்பது பெரும்பாலும் 'டாலர் ஜெனரல்' என்ற மலிவு விலைக் கடை ஒன்றும் பெட்ரோல் பங்க் கடையும்தான். பால், முட்டை, ரொட்டி, எண்ணெய், டப்பா உணவு கிடைக்கும். காய்கறி சில கிளைகளில் மட்டும். அதுவும் வெங்காயம், உருளை, தக்காளி, வாழைப்பழம் அளவுக்குத்தான். அவசரத்துக்குச் சரி. வாரம் முழுக்க அதை நம்பினால் சோடியமும் சர்க்கரையும்தான் வீட்டுக்கு வரும். சிறிய பொட்டலமாக விற்பதால் விலை குறைவுபோல் தெரியும். அலமாரிச் சீட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் அவுன்ஸ் விலையைப் பாருங்கள்.

கிளார்க்ஸ்டேல், கிளீவ்லண்ட், கிரீன்வில், இண்டியனோலா, கிரீன்வுட் ஆகிய ஊர்களில் வால்மார்ட் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை அங்கே போனால் போதும். அங்கே தேட வேண்டியவை: ரவைக்கு 'கிரீம் ஆஃப் வீட்'. சாம்பார் குழையும் பதத்துக்கு மஞ்சள் பட்டாணிப் பருப்பு. துவரை மணம் வராது, ஆனால் பருப்பு வடைக்கு நன்றாகவே இருக்கும். தட்டைப்பயறு 'பிளாக்-ஐட் பீஸ்' என்ற பெயரில் இருக்கும். தென்மாநிலங்களில் அது வீட்டுச் சாப்பாடு என்பதால் எந்தச் சின்னக் கடையிலும் கிடைக்கும். மெக்சிகோ பொருள்கள் உள்ள வரிசையில் காய்ந்த மிளகாய் (சிலே தெ ஆர்போல், நல்ல காரம்), சீரகம். காய்கறிப் பக்கம் கொத்தமல்லி, செரானோ மிளகாய், சில நாள் சௌசௌவும் இருக்கும், பெயர் 'சயோட்டே'. தயிர் வாங்கும்போது 'பிளெய்ன்', 'ஹோல் மில்க்' இரண்டும் எழுதியிருக்கிறதா பாருங்கள். வெள்ளையாக இருக்கிறதே என்று வெனிலா தயிரை எடுத்துவந்து சாதத்தில் பிசைவது புதியவர்கள் எல்லோருக்கும் நேர்வது. ஜெலட்டின் சேர்த்தது சைவர்களுக்கு ஆகாது.

மிசிசிப்பியில் மளிகைக்கும் மாநில விற்பனை வரி உண்டு. 7 சதவீதமாக இருந்தது 2025 ஜூலை 1 முதல் 5 சதவீதம்.

இந்தியக் கடைப் பயணம்

கிளார்க்ஸ்டேலிலிருந்து மெம்பிஸ் ஏறத்தாழ 75 மைல். கிரீன்வில்லிலிருந்து என்றால் மெம்பிஸ் இரண்டரை மணி நேரத்துக்குமேல், ஜாக்சன் இரண்டு மணி நேரம். இதை மாதம் இரண்டு முறை செய்தால் அலுத்துப்போகும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ப வாங்குங்கள். பெரியவர் இருவர், குழந்தைகள் இருவர் உள்ள வீட்டுக்கு ஆறு வாரத்துக்குத் தோராயக் கணக்கு: சாப்பாட்டு அரிசி 20 பவுண்டு மூட்டை இரண்டு, இட்லி அரிசி 20 பவுண்டு ஒன்று, உளுந்து 6 பவுண்டு, துவரம்பருப்பு 10 பவுண்டு, புளி 2 பவுண்டு. வாரம் இரண்டு தடவை, நாலுக்கு ஒன்று என்று மாவாட்டினால் இட்லி அரிசியும் உளுந்தும் ஏறத்தாழச் சேர்ந்தாற்போல் தீரும். உளுந்து, பெருங்காயம், நல்லெண்ணெய் மூன்றுக்கும் உள்ளூரில் மாற்றே கிடையாது. பட்டியலில் முதலில் அவற்றை எழுதுங்கள்.

இந்தப் பயணத்துக்கு முன்பே ஒரு செஸ்ட் ஃப்ரீசர் (மேலே திறக்கும் பெட்டி வடிவ ஃப்ரீசர்) வாங்கிவிடுங்கள், 7 கன அடி அளவு போதும். சோஃபா அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். துருவிய தேங்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பரோட்டா எல்லாம் அதில் நிற்கும். கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் போகத் துணியில் முழுதாக உலர்த்திய பிறகே பையில் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் கறுத்து, தாளிக்கும்போது வெடிக்கும். புதிதாக வாங்கிய அரிசி, பருப்பு மூட்டையையும் நான்கு நாள் ஃப்ரீசரில் (0 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 18 செல்சியஸ்) வைத்து எடுத்தால் வண்டின் முட்டை செத்துவிடும். டெல்டாவின் புழுக்கத்தில் இதைச் செய்யாதவர் வீட்டு உளுந்து ஆகஸ்டில் நடக்க ஆரம்பிக்கும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால்தான் உள்ளே வேர்க்காது.

கோடையில் வண்டிக்குள் சூடு தாங்காது. உறைந்த பொருளைக் கடைசியாக எடுத்து, நேரே ஐஸ் பெட்டியில் வைத்து, வேறெங்கும் நிற்காமல் வீடு வாருங்கள். கெடக்கூடிய உணவு வெளியே இருக்கலாமென்பது 2 மணி நேரம். வெயில் 90 பாரன்ஹீட்டைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

இணையத்தில் வரவழைப்பவர்கள் முகவரியைக் கவனிக்க வேண்டும். சின்ன ஊர்களில் வீட்டுக்குத் தபால் வராமல் அஞ்சலகப் பெட்டி மட்டும் இருக்கும். யுபிஎஸ், ஃபெடெக்ஸ் அந்தப் பெட்டிக்குக் கொண்டுவராது. வேலையிடத்து முகவரி கொடுக்கலாமா என்று கேட்டுவையுங்கள். இந்தியாவிலிருந்து பயணப் பெட்டியில் கொண்டுவர நினைப்பவர்கள் பச்சைக் கறிவேப்பிலை, அரிசி, கொண்டைக்கடலை மூன்றையும் விட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் பறிமுதல்தான். மற்ற உணவு எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை

இந்த நான்கு மாதம் டெல்டாவில் நம் சமையலுக்குக் குறைவே இல்லை. சாலையோரம் லாரியில் வெண்டைக்காய், கத்தரி, 'பர்ப்பிள் ஹல்' என்ற பச்சைக் காராமணி, வெள்ளரி, தர்பூசணி விற்பார்கள். வெண்டையை இங்கே கொஞ்சம் முற்றவிட்டே பறிப்பார்கள்; விரல் நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நுனியை ஒடித்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள், கடைக்காரர் முறைப்பார். காராமணியைக் கூடைக்கணக்கில் வாங்கி, உரித்து, கொதிநீரில் 2 நிமிடம் போட்டு, ஐஸ் நீரில் ஆறவைத்து, உறையவைத்தால் பங்குனி வரை குழம்புக்கு ஆகும். குளிர் தொடங்கியதும் டர்னிப், கடுகு, காலர்ட் கீரைகள் வரும். டர்னிப் கீரையில் மண் அதிகம், மூன்று தண்ணீரில் அலசுங்கள். கடைந்தால் நம் கீரைக்குப் பக்கத்தில் வரும். காலர்ட் தடித்த இலை. மெல்லிசாக நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்யலாம்.

சைவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: உணவகத்திலும் ஆஸ்பத்திரி கேன்டீனிலும் கீரை, பயறு, பீன்ஸ் மூன்றும் பெரும்பாலும் பன்றி எலும்போ கொழுப்போ போட்டு வேகவைத்தவை. டப்பாவில் வரும் கீரையும் அப்படியே இருக்கலாம். "மீட் இல்லையா" என்று கேட்டால் இல்லை என்பார்கள், ஏனென்றால் துண்டு கிடக்காது. "பன்றி எதுவும் சேர்த்து வேகவைத்ததா" என்று கேளுங்கள்.

மீன் சாப்பிடுபவர்களுக்குக் கவலையில்லை. பெல்சோனி கெளிற்று மீன் வளர்ப்புக்குப் பேர்போன ஊர். டெல்டா முழுக்க அந்த 'கேட்ஃபிஷ்' நல்ல விலைக்குக் கிடைக்கும், குழம்புக்கு முள்ளோடு வெட்டித்தரச் சொல்லுங்கள். ஆட்டுக்கறி கடையில் கிடைப்பது அரிது. பண்ணைக்காரரிடம் ஆட்டை உயிரோடு வாங்கி, இறைச்சி வெட்டும் நிலையத்தில் விடுவதுதான் வழி. 70 பவுண்டு ஆடு தோலுரித்த பின் சுமார் 32 முதல் 35 பவுண்டு நிற்கும். எலும்போடு ஓர் அங்குலத் துண்டு என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பெரிய பெரிய சாப்ஸாகத் தருவார்கள். தலை, கால், ஈரல், குடல் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் குப்பைக்குப் போய்விடும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை துப்பாக்கியால் மான் வேட்டையாடும் காலம். அந்த நிலையங்கள் மானிலேயே நிரம்பியிருக்கும், ஆட்டை எடுக்க மாட்டார்கள். அக்டோபருக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் போடுபவர்கள் ஏப்ரல் நடுவில் விதைக்கலாம். மிசிசிப்பி மாநிலப் பல்கலையின் வேளாண் விரிவாக்க அலுவலகங்கள் மாநிலம் முழுக்க உண்டு, சிறு கட்டணத்துக்கு மண் பரிசோதித்துத் தருவார்கள். வீட்டை ஒட்டி சோயா வயல் இருந்தால் களைக்கொல்லி காற்றில் வரும்; தக்காளி, புடலை இலைகள் கிண்ணம்போல் சுருண்டால் நோய் என்று எண்ணி மருந்தடிக்காதீர்கள், அந்தக் காயைச் சாப்பிடுமுன் விரிவாக்க அலுவலரிடம் காட்டுங்கள்.

வருமானம் குறைவாக இருந்தால்

ஆசிரியராகவோ மாணவராகவோ வந்தவர்களுக்கு: ஜே-1, எச்-1பி விசாவில் இருப்பவருக்கு ஸ்நாப் உணவு உதவி கிடையாது. இங்கே பிறந்த குழந்தை குடிமகன் என்பதால் அதன் பெயரில் கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குமான டபிள்யு.ஐ.சி. திட்டத்துக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. வருமானம் வறுமைக்கோட்டின் 185 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மாவட்ட சுகாதார அலுவலகத்தில் பதியலாம், உதவி அட்டையில் வரும். டெல்டாவின் பல பள்ளிகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் காலையும் மதியமும் உணவு இலவசம்.

புயல் நேரம்

2023 மார்ச் 24 இரவு ரோலிங் ஃபோர்க்கைச் சூறாவளி தரைமட்டமாக்கியது. வசந்த காலத்தில் மின்சாரம் நாள்கணக்கில் போகலாம். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24, சாதா ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம்தான். காலி இடத்தைத் தண்ணீர் பாட்டில்களால் நிரப்பி உறையவைத்திருங்கள். குழாய் நீரைக் கொதிக்கவைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் அந்தப் பாட்டில் நீர் குடிக்கவும் ஆகும். அவல், பொரி, பருப்புப்பொடி, ஒரு சிறிய கேஸ் அடுப்பு தனியாக ஒரு பெட்டியில் இருக்கட்டும். அந்த அடுப்பை வீட்டுக்கு வெளியே வைத்து மட்டுமே பற்றவையுங்கள், மூடிய அறைக்குள் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.