மெசினை ஸ்பிரிங்கில் இருத்துவது எப்படி: எத்தனை மில்லிமீற்றர் இறங்கவேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள்

மட்டக்களப்பில் ஜெனரேட்டர் வைத்திருக்கிற நிறையப் பேர் அதன் காலுக்கடியில் பழைய டயரை வெட்டி வைத்திருப்பார்கள். கேட்டால் அதிர்வு குறையும் என்பார்கள். பெரும்பாலும் குறையாது, சில நேரம் கூடவும் செய்யும். அது ஏன் கூடுகிறது என்று விளங்கிவிட்டால் ஸ்பிரிங் மவுண்ட் செய்கிற வேலையில் பாதி முடிந்த மாதிரி, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சில வருஷத்துக்கு முன் கல்லடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல்மாடியில் ஜெனரேட்டர் இருத்திக் கொடுத்தேன். நாலு காலுக்கும் நல்ல கனமான றப்பர்த் தகடு போட்டேன். ஒரு கிழமையில் மண்டபக்காரர் கூப்பிட்டார். "தம்பி, கரண்ட் போனாலும் பரவாயில்ல கா, இதப் போட்டா கீழ ஜன்னல் கண்ணாடி எல்லாம் நடுங்குது, மறுகா சனம் பயந்து எழும்புது" என்றார். போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரி. றப்பரைக் கழற்றி வெறும் கொங்கிரீட்டில் வைத்து ஓட்டியபோது நடுக்கம் குறைந்தது! அன்றைக்குத்தான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

வீட்டில் ஸ்பிரிங்கில் தொங்குகிற ஏணையை நினைத்துப் பாருங்கள். மேலே கொழுவியிருக்கிற இடத்தைக் கையால் பிடித்து மெதுவாக ஏற்றி இறக்கினால் பிள்ளையும் கூடவே ஏறி இறங்கும். ஏணைக்கென்று ஒரு தாளம் இருக்கிறது, அந்தத் தாளத்துக்கே கையை ஆட்டினால் சின்ன ஆட்டமும் பெரிய துள்ளலாகிவிடும். கையைப் படபடவென்று வேகமாக ஆட்டினாலோ மேலே கொழுக்கி மட்டும் துடிக்கும், பிள்ளை அசையாமல் தூங்கும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இயற்கை மீடிறன், பரிவு என்ற சொற்கள் ஞாபகம் வரும்: சொந்தத் தாளம்தான் இயற்கை மீடிறன், தாளம் பொருந்தித் துள்ளுவது பரிவு. நாம் தேடுவது அந்த மூன்றாவது நிலையை. மெசின் அடிக்கிற அடி, ஸ்பிரிங்கின் சொந்தத் தாளத்தை விட நன்றாக வேகமாக இருக்கவேண்டும். குறைந்தது 1.41 மடங்கு இருந்தால்தான் தடுப்பே தொடங்கும், அதற்குக் கீழே எல்லாம் கூட்டல்தான். நான் 3 மடங்குக்குக் குறைத்து ஒன்றும் செய்வதில்லை.

அந்தச் சொந்தத் தாளத்தைக் கண்டுபிடிக்க பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், அடிமட்டம் காணும். மெசினை ஏற்றியதும் ஸ்பிரிங் எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று அளவுங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுங்கள். வருவது இயற்கை மீடிறன், ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு எத்தனை ஆட்டம் என்று. 1 மில்லிமீற்றர் இறங்கினால் 15.8, 4 இறங்கினால் 7.9, 10 இறங்கினால் 5, 25 இறங்கினால் 3.2. மெசின் 50 கிலோவா 5 தொன்னா என்பது இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை, இறக்கம் மட்டும்தான் வருகிறது. "இவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு பலமான ஸ்பிரிங் போடவேண்டும்" என்று கேட்டுத் தொடங்குகிறவர்கள் பிழைத்துப்போவது இங்கேதான். முதலில் இறக்கத்தை முடிவெடுங்கள், பலம் தானாக வரும்.

இப்போது அந்த மண்டபத்து ஜெனரேட்டருக்கு வருவோம். 3 சிலிண்டர், நிமிஷத்துக்கு 1500 சுற்று, அதாவது செக்கனுக்கு 25. ஆனால் 25 மட்டும் பார்த்தால் போதாது. நாலு அடி (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருதரம்தான் வெடிக்கும், மூன்றும் ஒரே அளவாக வெடிப்பதும் இல்லை, அதனால் சுற்று வேகத்தின் பாதியில், 12.5 ஹேர்ட்ஸில், ஒரு ஆட்டம் எப்போதும் இருக்கும். என் றப்பர் 1 மில்லிமீற்றர்தான் நசிந்திருந்தது. அதன் தாளம் 16-க்குக் கிட்ட, றப்பர் அசையும்போது இன்னும் விறைப்பாகும் என்பதால் உண்மையில் அதற்கும் மேலே. ஒரு பக்கம் 12.5, மறுபக்கம் 25, இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கணக்குப்படி 12.5-இல் வருகிற ஆட்டத்தை அது இரண்டு மடங்குக்கு மேலே பெருக்கித்தான் சிலாப்புக்குக் கொடுத்திருக்கும். டயர்த் துண்டுக்கும் இதே கதைதான்.

சரி, திருத்துவது எப்படி? மிகத் தாழ்ந்த அடியை எடுங்கள், 12.5. மூன்றால் வகுத்தால் 4.2. அந்த மீடிறனுக்கு 14 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட இறங்கவேண்டும், 15 என்று வைத்துக்கொள்வோம். மெசினின் அதிர்வில் எத்தனை பங்கு சிலாப்புக்குப் போகும் என்று பார்க்க, மெசினின் மீடிறனை ஸ்பிரிங்கின் மீடிறனால் வகுத்து, வர்க்கித்து, ஒன்றைக் கழித்து, 1-ஐ அந்த விடையால் வகுங்கள். 15 மில்லிமீற்றருக்கு 12.5-இல் 12 சதவீதமும் 25-இல் 3 சதவீதத்துக்குக் குறைவாகவும் வரும். மேல்மாடி என்றால் சிலாப்பே கொஞ்சம் வளையும் என்பதை மறக்கவேண்டாம். மெசின் பாரத்துக்குச் சிலாப் வளைவதை விட ஸ்பிரிங் பல மடங்கு கூட இறங்கவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ஸ்பிரிங்கை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய கதையாகிவிடும்.

அடுத்தது பாரம். மொத்தத்தை நாலால் வகுத்துவிட்டு வேலையைத் தொடங்கவேண்டாம். எஞ்சின் பக்கம் எப்போதும் கனம். வவுணதீவில் நெல் வாங்குகிற ஒருவரிடம் தட்டுத் தராசு இரவல் வாங்கி, செயின் புளொக்கால் ஒரு முனையைத் தூக்கி, தராசை அடியில் வைத்து, மற்ற முனைக்குச் சமமட்டமாக வரும்வரை கட்டை வைத்துப் பிறகு வாசித்தேன். எஞ்சின் முனை 280 கிலோ, மற்ற முனை 200. ஆக எஞ்சின் பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றுக்கும் 140 கிலோ, மற்றதுக்கு 100. நாலும் ஒரே அளவு இறங்கினால்தான் மெசின் நேராக மேலும் கீழும் ஆடும். ஒரு பக்கம் கூட இறங்கினால் குதிரை மாதிரி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும், அந்த ஆட்டத்துக்கு வேறொரு தாளம், அதையும் தேடிப் பிடித்து அடக்கவேண்டி வரும்.

140 கிலோ என்றால் 1373 நியூற்றன். 15-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீற்றருக்கு 92 நியூற்றன், இதுதான் ஸ்பிரிங்கின் விறைப்பு. இனிக் கம்பி. உருக்கின் முறுக்கு விறைப்பு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 79,000 நியூற்றன். அதைக் கம்பித் தடிப்பின் நாலாம் வலுவால் பெருக்குங்கள். கீழே 8, சுருளின் சராசரி விட்டத்தின் மூன்றாம் வலு, வேலை செய்கிற சுற்றுகளின் எண்ணிக்கை (மேலும் கீழும் தட்டையாக்கிய சுற்று இதில் சேராது) மூன்றையும் பெருக்கி வகுங்கள். 10 மில்லிமீற்றர் கம்பி, 60 மில்லிமீற்றர் விட்டம், 5 சுற்று: 91.4 வருகிறது. பொருந்திவிட்டது. நாலாம் வலு என்பதைக் கவனியுங்கள், 10 கம்பிக்குப் பதிலாக 9 கிடைத்தது என்று போட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கடைக்காரர் "ஏறக்குறைய அதேதான்" என்று தந்தாலும் வேர்ணியரால் அளந்து வாங்குங்கள்.

மற்ற முனைக்கு 65 வேண்டும். அதே கம்பியில் 7 சுற்று போட்டால் கணக்கு அழகாக வந்தது, நானும் அப்படியே சுற்றுவித்தேன், பிழைத்தது. மேலும் கீழும் தட்டையாக்கிய சுற்று இரண்டையும் சேர்த்தால் 9 சுற்று, முழுக்க நசுங்கினாலே 90 மில்லிமீற்றர் உயரம், பாரத்தில் நிற்கும்போது 105. வெளிவிட்டம் 70. மெசினை வைத்ததும் ஒல்லியான ஸ்பிரிங் இரண்டும் ஒருபக்கம் சாய்ந்து வயிறு தள்ளி நின்றன. பாரத்தில் நிற்கிற உயரத்தில் பத்தில் எட்டுப் பங்காவது வெளிவிட்டம் இருக்கவேண்டும், ஸ்பிரிங் குட்டையாக அகலமாக இருக்கவேண்டும். மறுபடி 9 மில்லிமீற்றர் கம்பியில் அதே 60 விட்டத்தில் 5 சுற்று போட்டேன். விறைப்பு 60, இறக்கம் 16 சொச்சம், பரவாயில்லை. பாரம் இல்லாமல் நிற்கும் உயரம் 93, பாரத்தில் 77, வெளிவிட்டம் 69. கல் மாதிரி நின்றது. எஞ்சின் பக்க ஸ்பிரிங் 100 உயரம், பாரத்தில் 85. இரண்டு பக்கத்துக்கும் இருக்கிற 8 மில்லிமீற்றர் வித்தியாசத்தைத் தகடு வைத்துச் சரிக்கட்டினேன்.

இன்னொன்று. பாரத்தில் நின்றபிறகு ஸ்பிரிங் முழுக்க நசுங்க இன்னும் இடம் இருக்கவேண்டும், இறங்கியதில் பாதியளவாவது. எஞ்சின் பக்கம் 15 இறங்கி இன்னும் 15 மிச்சம், அது தாராளம். சுற்றோடு சுற்று முட்டினால் அந்த நிமிஷமே அது ஸ்பிரிங் இல்லை, இரும்புக் குழாய்.

பழைய மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங், லொறி ஸ்பிரிங் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், விறைப்பை அளந்தால். ஸ்பிரிங்குக்குள் ஒரு குழாயை நிறுத்தி, மேலே துளையிட்ட தகடு வைத்து, 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றை ஏற்றி உயரத்தை அளவுங்கள், இரண்டாவது மூட்டையை ஏற்றி மறுபடி அளவுங்கள். இரண்டு உயரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் 50 கிலோவுக்கான இறக்கம். முதல் மூட்டையை மட்டும் நம்பவேண்டாம், தகடு சரியாகக் குந்துவதற்கே கொஞ்சம் போய்விடும்.

ஸ்பிரிங் உருக்கு, உருக்குக்குள் சத்தம் ஓடும். நடுக்கம் நின்றாலும் "ங்ங்" என்ற மெல்லிய இரைச்சல் கம்பி வழியாகவே சிலாப்புக்கு இறங்கும். அதற்கு ஸ்பிரிங் கிண்ணத்தின் அடியில் 6 முதல் 8 மில்லிமீற்றர் றப்பர் வையுங்கள். இந்த இடத்தில் றப்பர் நல்லது.

பிறகு எல்லாரும் விடுகிற பிழை: மெசினை ஸ்பிரிங்கில் மிதக்கவிட்டு, சைலன்சர் குழாயைச் சுவரோடு இறுக்கி வெல்டிங் வைப்பது. மிதக்கிற மெசினைச் சுவரில் கட்டியாயிற்று, ஸ்பிரிங் போட்டது வீண், அதோடு கொஞ்ச நாளில் குழாயின் கழுத்து வெடிக்கும். சைலன்சருக்கு நெளிவுக் குழாய், டீசலுக்கு றப்பர் ஹோஸ், மின் வயருக்கு ஒரு தொங்கல் வளையம், எர்த்துக்குப் பின்னல் கம்பி. மெசினைத் தொட்டு வெளியே போகிற ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒன்று விறைப்பாக இருந்தாலும் அதிர்வு அந்த வழியால்தான் போகும்.

ஸ்டார்ட் பண்ணும்போதும் நிறுத்தும்போதும் எஞ்சின் 4 ஹேர்ட்ஸைக் கடந்துதான் ஆகவேண்டும், அந்த இரண்டொரு செக்கன் பெரிதாக ஆடும், பயப்படவேண்டாம். நாலு மூலையிலும் 5 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு றப்பர் முட்டுக் கட்டை வையுங்கள். ஓடும்போது அது மெசினைத் தொடக்கூடாது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் என்றால் இதெல்லாம் காணாது. யூ சனலில் சட்டம் அடித்து, உள்ளே கொங்கிரீட் நிரப்பி, மெசினின் திணிவைப் போல ஒன்றரை மடங்கு கனம் சேர்த்து, அதன்பிறகு ஸ்பிரிங்கில் வையுங்கள். ஆட்டத்தின் வீச்சு அப்போதுதான் அடங்கும்.

கல்லடியில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக்காற்று ஸ்பிரிங்கைத் தின்னும். துரு முதலில் பிடிக்கிற இடம் கிண்ணத்துக்குள் குந்துகிற கடைசிச் சுற்று, கண்ணுக்குத் தெரியாத இடம். நல்ல எபொக்ஸி பெயின்ட் அடியுங்கள். கடினமான ஸ்பிரிங் உருக்கை அசிட்டில் கழுவி முலாம் பூசக் கொடுக்கவேண்டாம், ஐதரசன் உள்ளே புகுந்து திடீரென்று உடையும். துருப்பிடிக்காத உருக்கில் சுற்றுவிக்கலாம். ஆனால் மேலே சொன்ன 79,000 அதற்கு 70,000-க்குக் கிட்டத்தான், சுற்றைக் குறைத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

இதுவரை சொன்னது ஆடுகிற மெசினிலிருந்து கட்டடத்தைக் காப்பது. மறுபக்கம் ஒன்று இருக்கிறது, குலுங்குகிற இடத்திலிருந்து சாமானைக் காப்பது. திருவிழாக் காலத்தில் கொக்கட்டிச்சோலை, மண்டூர் என்று படுவான்கரைக்கு அம்பிளிபயர், மிக்ஸர் ஏற்றிப் போகிற சவுண்ட்காரர்கள் இதைக் கேட்பார்கள். இங்கே கணக்கு வேறு. பெட்டி 10 சென்ரிமீற்றர் உயரம் துள்ளி விழுகிறது என்று வையுங்கள். விழுந்த உயரத்தை இரண்டால் பெருக்கி, நிற்பதற்குள் நசிந்த தூரத்தால் வகுத்தால், புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு அடி என்று வரும். 2 மில்லிமீற்றர் மட்டும் நசிகிற பலகையில் விழுந்தால் 100 மடங்கு. 37 மில்லிமீற்றர் நசிய இடம் கொடுத்தால் 5.4 மடங்கு. இடம்தான் காப்பாற்றுகிறது.

அதற்காக ஜெனரேட்டருக்குப் போட்ட மாதிரி மென்மையாகப் போடக்கூடாது. லொறி தன் வில்லில் 2, 3 ஹேர்ட்ஸில் துள்ளிக்கொண்டு போகும், பெட்டியும் அதே தாளத்தில் இருந்தால் ஏணைதான். 6 ஹேர்ட்ஸ் அளவில், அதாவது 7 மில்லிமீற்றர் இறங்குகிற மாதிரி வையுங்கள், அப்போது அந்த 37 மில்லிமீற்றர் கணக்கு சரியாக வரும். ஆனால் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் வெற்றிடம் விடுங்கள். வெறும் ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும், ஆகவே ஆட்டத்தைத் தின்னுகிற ஏதாவது கூட வேண்டும். உருக்குக் கயிற்றை வளைத்துச் செய்த மவுண்ட் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, இழைகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டத்தை அடக்கிவிடும். ஸ்பொஞ்சும் உதவும். பெட்டிக்கு மேலாகக் கயிறு போட்டு லொறிப் பலகையோடு இறுக்கிக் கட்டவேண்டாம் என்று பொடியன்மாருக்கு ஏற்றும்போதே சொல்லிவையுங்கள்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் மெசினை ஓட்டுவதற்கு முன் நாலு ஸ்பிரிங்கின் உயரத்தையும் அளந்து, சட்டத்திலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள், திகதியோடு. அடுத்த மாரிக்கு முன் வந்து அதே இடத்தில் அளவுங்கள். ஒன்று மட்டும் 2, 3 மில்லிமீற்றர் இறங்கியிருந்தால் அந்த ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றைத் துடைத்துப் பாருங்கள்.