திருவையாறு பஞ்சரத்னத்த நேர்ல கேக்கணுமா, இப்படி போங்க

லைவா கேட்ட கச்சேரிலயே எது பெஸ்ட்னு கேட்டா நான் திருவையாறுதான் சொல்வேன், அங்க தியாகராஜர் ஆராதனைல அவரோட அஞ்சு பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்னத்த எல்லாரும் சேர்ந்து பாடுவாங்க. அவர் மறைஞ்ச திதியான புஷ்ய பகுள பஞ்சமி என்னிக்குன்னு பஞ்சாங்கத்துல பாத்துட்டு முந்தின நாளே தஞ்சாவூர்ல ரூம் போட்டுருங்க, அங்கேருந்து பஸ்ல கொஞ்ச தூரம்தான். சீக்கிரமே போய் காவிரிக்கரை பந்தல்ல இடம் புடிங்க, லேட்டானா ஸ்பீக்கர் சத்தம்தான் மிச்சம்.

நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு ராகத்துக்கு ஒண்ணா இருக்குற அஞ்சு பாட்டையும் முன்னாடியே யூடியூப்ல கேட்டுட்டு சாகித்யத்த, அதாவது பாட்டு வரிகள, பிரிண்ட் எடுத்துட்டு போங்க, ஏன்னா சுத்தி எல்லாரும் பாடுவாங்க, நீங்களும் பாடலாம், சுருதி சேரலன்னா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. ஆரபி பாட்டுல சுரமும் (ச ரி க ம) சாகித்யமும் மாறி மாறி வரும்போது பெரிய வித்வான்லேருந்து பாட்டு கிளாஸ் பசங்க வரைக்கும் ஒரே குரலா கேக்கும் பாருங்க, அய்யோ! போன்ல வீடியோ மட்டும் வேணாம், அதான் தூர்தர்ஷன்ல வருதே.