அமிகா 1200-இல் வன்தட்டு அமைத்தல்: 4 ஜிபி எல்லையும் மேக்ஸ்டிரான்ஸ்ஃபர் எண்ணும்

காமடோர் நிறுவனம் 1992 அக்டோபரில் வெளியிட்ட அமிகா 1200 கணினிகளில் பெரும்பாலானவை பிளாப்பி டிரைவுடன் மட்டுமே விற்கப்பட்டன. ஆனால் வன்தட்டு இல்லாத கணினியிலும், மதர்போர்டில் வன்தட்டுக்கான 44 பின் கொண்ட ஐடிஇ இணைப்பு தயாராகவே இருக்கும். அந்த இணைப்பில் ஒரு காம்பாக்ட் பிளாஷ் அட்டையைப் பொருத்தி, அதிலிருந்தே அமிகாவின் திரைச்சூழலான வொர்க்பெஞ்சைத் தொடங்கவைக்கும் வழியைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் கணினியில் கிக்ஸ்டார்ட் (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்) 3.0 அல்லது 3.1 ரோம் சிப் இருக்கிறது என்றும், பெட்டியைத் திறந்து மூட உங்களுக்குத் தெரியும் என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

எதை வாங்குவது

அந்தக் காலத்து 2.5 அங்குல வன்தட்டுகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். முப்பது ஆண்டு சுழன்ற தாங்கிகளை நம்பிக் கோப்புகளை ஒப்படைக்க முடியாது. அவை இழுக்கும் மின்சாரமும் அதிகம். எஸ்டி அட்டைக்கான ஐடிஇ மாற்றிகளும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் இரு நெறிமுறைகளுக்கும் நடுவே மொழிமாற்றும் ஒரு சிப் இருப்பதால், கோளாறு வந்தால் சந்தேகப்பட வேண்டிய பொருள் ஒன்று கூடிவிடுகிறது. காம்பாக்ட் பிளாஷ் அட்டை இயல்பாகவே ஐடிஇ மொழி பேசக்கூடியது. அதற்கான அடாப்டர் வெறும் கம்பி இணைப்புதான். ஆகவே என் தேர்வு, பெயர்பெற்ற தயாரிப்பாளரின் 4 ஜிபி காம்பாக்ட் பிளாஷ் அட்டை ஒன்றும், 44 பின் அடாப்டரும், குட்டையான ரிப்பன் கேபிளும். ஏன் 4 ஜிபி என்பதைக் கீழே விளக்குகிறேன்.

பெட்டியைத் திறந்த கையோடு மதர்போர்டில் உள்ள மின்தேக்கிகளையும் பாருங்கள். இந்த மாடலின் மேற்பரப்பு மின்தேக்கிகள் கசிந்து தடங்களை அரிப்பது வழக்கம். கசிவு தெரிந்தால் அவற்றை மாற்றிய பிறகே வன்தட்டைப் பற்றி யோசியுங்கள். இல்லையேல் எந்தக் கோளாறு எதனால் வந்தது என்று பிரித்தறியவே முடியாது.

பொருத்துதல்

கேபிளின் சிவப்புக் கோடு இரு முனைகளிலும் 1-ஆம் பின் பக்கம் வர வேண்டும். மதர்போர்டிலும் அடாப்டரிலும் 1 என்ற எண்ணோ சிறு முக்கோணமோ அச்சிடப்பட்டிருக்கும். பல மலிவான கேபிள்களில், தவறாகச் செருகாமல் தடுக்கும் அடைத்த துளை இருப்பதில்லை. எனவே ஒரு வரிசை தள்ளிச் செருகினாலும் கேபிள் உள்ளே போய்விடும். 41, 42 ஆகிய பின்களில் 5 வோல்ட் வருவதால் அப்படித் தள்ளிச் செருகுவது ஆபத்தானது. மின்சாரம் கொடுப்பதற்கு முன் விளக்கு வைத்து இரு முனைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடாப்டரில் ஜம்பர் இருந்தால் மாஸ்டர் நிலையில் வையுங்கள்.

4 ஜிபி எல்லை

கிக்ஸ்டார்ட் 3.0, 3.1 ரோம்களில் உள்ள டிரைவர், வன்தட்டில் ஓர் இடத்தைக் குறிப்பிட 32 பிட் எண்ணைப் பயன்படுத்துகிறது. அந்த எண் பைட் கணக்கில் இருப்பதால் 4,294,967,296 பைட்டுகளுக்கு மேல் அதனால் எட்ட முடியாது. எல்லையைத் தாண்டி எழுதச் சொன்னால் பிழைச் செய்தி எதுவும் வராது. பழைய வண்டியின் கிலோமீட்டர் மானி 99999-க்குப் பிறகு 00000-க்குத் திரும்புவதுபோல், எழுத வேண்டிய தரவு அட்டையின் தொடக்கத்துக்கே போய் விழுகிறது. பிரிவுகளின் விவரம் அடங்கிய ஆர்டிபி என்ற பகுதி அட்டையின் முதல் 16 பிளாக்குகளுக்குள் எங்கோ ஓரிடத்தில்தான் தொடங்குகிறது என்பதால், முதலில் அழிவதும் அதுதான். அட்டை காலியாக இருக்கும் வரை எல்லாம் நன்றாகவே ஓடும். நிரம்பத் தொடங்கியதும் ஒருநாள் திடீரென்று பிரிவுகள் அனைத்தும் காணாமல் போகும்.

விற்பனையில் 4 ஜிபி என்று குறிக்கப்படும் அட்டைகள் ஏறத்தாழ 400 கோடி பைட்டுகளே கொண்டவை. எனவே அவை எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. கையில் பெரிய அட்டைதான் இருக்கிறது என்றால், எல்லாப் பிரிவுகளையும் முதல் 4 ஜிபிக்குள் முடித்துவிட்டு மீதியைத் தொடாமல் விடுங்கள். முழு அட்டையும் தேவை என்பவர்களுக்கு, ஹைப்பீரியன் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 3.1.4 அல்லது 2021-இல் வெளியிட்ட 3.2 ரோம் வாங்குவதுதான் நேரான வழி.

எச்டிடூல்பாக்ஸ்

வன்தட்டைப் பிரிவுகளாகப் பிரிக்க உதவும் எச்டிடூல்பாக்ஸ் என்ற நிரல் இன்ஸ்டால் என்ற பிளாப்பியில் இருக்கிறது. வன்தட்டில்லாமல் விற்கப்பட்ட கணினிகளுடன் இந்தப் பிளாப்பி பெரும்பாலும் வந்திருக்காது. குளோவாண்டோ நிறுவனம் விற்கும் அமிகா ஃபாரெவர் தொகுப்பில் அதன் பிம்பம் (பிளாப்பியின் முழு நகலான கோப்பு) கிடைக்கும்.

நிரலைத் திறந்ததும், பட்டியலில் முகவரி 0 என்ற வரியில் உங்கள் அட்டை தெரிய வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்து ‘சேஞ்ச் டிரைவ் டைப்’, பிறகு ‘டிஃபைன் நியூ’, பிறகு ‘ரீட் கான்ஃபிகரேஷன்’ என்று வரிசையாக அழுத்தினால், அட்டையே தன் அளவுகளைச் சொல்லிவிடும். அந்த எண்களை மாற்றாமல் ஏற்றுக்கொண்டு முதல் திரைக்குத் திரும்புங்கள்.

‘பார்ட்டிஷன் டிரைவ்’ திரையில் இருக்கும் இயல்புப் பிரிவுகளை நீக்கிவிட்டுப் புதிதாக இரண்டு அமையுங்கள். டிஎச்0 என்ற முதற்பிரிவுக்கு 500 எம்பி போதும்; வொர்க்பெஞ்ச் அதில் சில எம்பிதான் பிடிக்கும். இதை மட்டும் பூட்டபிள் (கணினி இதிலிருந்து தொடங்கலாம்) என்று குறியுங்கள். எஞ்சிய இடம் முழுவதையும் டிஎச்1-க்குக் கொடுங்கள். விளையாட்டுகளும் கோப்புகளும் டிஎச்1-இல் இருந்தால், டிஎச்0 எப்போது கெட்டாலும் அதை மட்டும் அழித்து மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.

மேக்ஸ்டிரான்ஸ்ஃபர்: என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த படி

மேக்ஸ்டிரான்ஸ்ஃபர் என்பது வட்டிடம் ஒரே முறையில் கேட்கக்கூடிய தரவின் உச்ச அளவு. பல விளக்கங்கள் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. சில குறிப்பிடுவதே இல்லை. அறிகுறி விசித்திரமானது. வொர்க்பெஞ்ச் ஒழுங்காகத் தொடங்கும், சிறிய நிரல்கள் ஓடும், உரைக்கோப்புகள் சரியாகத் திறக்கும். ஆனால் எல்எச்ஏ முறையில் சுருக்கிய பெரிய கோப்பை விரித்தால் சரிபார்ப்புத்தொகை பொருந்தவில்லை என்று வரும். பெரிய படத்தைத் திறந்தால் ஒரு பகுதி சிதைந்திருக்கும். இதைப் பார்ப்பவர் அட்டையையோ கேபிளையோ நினைவகத்தையோதான் சந்தேகிப்பார். நானும் அந்த மூன்றையும் மாற்றிப் பார்த்த பிறகே காரணத்துக்கு வந்து சேர்ந்தேன்.

ஒரே கட்டளையில் எத்தனை செக்டார் (512 பைட் கொண்ட துண்டு) வேண்டும் என்று ஐடிஇ வட்டிடம் சொல்வதற்கு 8 பிட் இடம்தான் இருக்கிறது. அதில் 255 வரை எழுதலாம். 0 என்று எழுதினால் அதை 256 என்று பொருள்கொள்ள வேண்டும் என்பது விதி. இந்த விளிம்பு நிலையில்தான் சில வட்டுகளும் அட்டைகளும் பழைய டிரைவரும் ஒத்துப்போவதில்லை. எச்டிடூல்பாக்ஸ் இயல்பாக வைத்திருக்கும் மேக்ஸ்டிரான்ஸ்ஃபர் மதிப்பு ஏறத்தாழ 16 எம்பி; அதாவது எவ்வளவு பெரிய துண்டையும் ஒரே முறையில் கேட்கலாம் என்று அனுமதித்துவிடுகிறது. நாம் அதை 255 செக்டாருக்குள் கட்டுப்படுத்திவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. 255-ஐ 512-ஆல் பெருக்கினால் 130,560 பைட். பதினாறடிமான முறையில் எழுதினால் 0எக்ஸ்1எஃப்இ00.

பிரிவுத் திரையில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ‘சேஞ்ச் ஃபைல் சிஸ்டம் ஃபார் பார்ட்டிஷன்’ என்ற பொத்தான் தோன்றும். அதற்குள் மேக்ஸ்டிரான்ஸ்ஃபர் கட்டத்தில் இருப்பதை அழித்துவிட்டு, சுழியம், எக்ஸ், ஒன்று, எஃப், இ, சுழியம், சுழியம் என்ற வரிசையில் தட்டச்சு செய்யுங்கள். தட்டச்சு செய்ததும் ரிட்டர்ன் விசையை அழுத்துங்கள். அழுத்தாமல் மவுஸால் ஓகே பொத்தானுக்குப் போனால், திரையில் புதிய எண் தெரிந்தாலும் நிரல் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும். எண்ணை மாற்றியும் பயனில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். சரிபார்க்க, அதே திரைக்கு மறுபடி போய் எண்ணைப் பாருங்கள். இரண்டு பிரிவுகளுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும்.

முடிந்ததும் முதல் திரையில் ‘சேவ் சேஞ்சஸ் டு டிரைவ்’ அழுத்திக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: ஏற்கெனவே கோப்புகள் நிறைந்த அட்டையில் இந்த எண்ணை மாற்றலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மாற்றலாம். இது பிரிவின் அமைப்பைத் தொடுவதில்லை என்பதால் மீண்டும் ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை. ஆனால் முன்பு பிழையாக எழுதப்பட்ட கோப்புகள் பிழையாகவே இருக்கும். பெரிய கோப்புகளை மூலத்திலிருந்து மீண்டும் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மட்டும் நிறுவலும்

பிளாப்பியிலிருந்து வொர்க்பெஞ்சைத் தொடங்கினால் இரு பிரிவுகளும் ஐகான்களாகத் தெரியும். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, ஐகான்ஸ் மெனுவில் ஃபார்மட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம், இன்டர்நேஷனல் மோட் ஆகிய இரண்டையும் தேர்ந்தெடுத்து, டைரக்டரி கேஷை விட்டுவிடுங்கள். அது பிளாப்பிக்கு உதவும், வன்தட்டில் எழுதுவதையும் அழிப்பதையும் மந்தமாக்கும். குயிக் ஃபார்மட் போதும். பிறகு இன்ஸ்டால் பிளாப்பியில் உள்ள நிறுவல் நிரலை ஓட்டி, அது கேட்கும் பிளாப்பிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும்.

கூடுதல் நினைவகம் பொருத்தியவர்கள் டிஎச்1-க்கு பிஎஃப்எஸ்3 என்ற கோப்பு முறையைப் பயன்படுத்தலாம். டோனி விலேன் பராமரிக்கும் ‘ஆல் இன் ஒன்’ பதிப்பு அமிகா நிரல்களின் இணையக் களஞ்சியமான அமிநெட்டில் கிடைக்கிறது. எழுதும்போது மின்சாரம் போனாலும் அது கோப்பு முறையைக் குலையவிடாது. வெறும் 2 எம்பி நினைவகத்துடன் ஓட்டுபவர்கள், ரோமிலேயே இருப்பதால் நினைவகம் அதிகம் தின்னாத ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டத்தோடு இருப்பதே நல்லது.

இவை அனைத்தையும் விண்டோஸ் கணினியில், அமிகாவைப் போலவே இயங்கும் வின்யுஏஇ என்ற நிரல் வழியாகவும் செய்யலாம். பிளாப்பி மாற்றும் வேலை மிச்சம். அதை நிர்வாகி உரிமையுடன் திறக்க வேண்டும். அமிகா அட்டையைச் செருகியதும், இந்த வட்டை ஃபார்மட் செய்யவா அல்லது துவக்கவா என்று விண்டோஸ் கேட்கக்கூடும். எப்போதும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

வரக்கூடிய கோளாறுகள்

குளிர்ந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் அட்டை தெரியவில்லை, கன்ட்ரோலுடன் இரு அமிகா விசைகளையும் அழுத்தி மறுதொடக்கம் செய்தால் தெரிகிறது என்றால், ரோம் கேட்கும் நேரத்தில் அட்டை தயாராகவில்லை என்று பொருள். மெதுவாகச் சுழலத் தொடங்கும் பழைய வன்தட்டுகளிலும் இதே நிலைதான். வேறு தயாரிப்பாளரின் அட்டையை முயன்று பாருங்கள். எந்த நிலையிலும் தெரியவில்லை என்றால், தொடங்கும்போது மவுஸின் இரு பொத்தான்களையும் அழுத்திப் பிடித்துத் தொடக்க மெனுவுக்குப் போங்கள். அங்கே டிஎச்0 பட்டியலில் இருந்தால் கேபிள் சரி, பிரச்சினை டிஎச்0-இல் நிறுவியதில். இல்லையென்றால் கேபிளின் திசை, ஜம்பர், அட்டை என்ற வரிசையில் பாருங்கள்.

பிரிவு ‘நாட் வேலிடேட்டட்’ என்று வந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போது கணினி நின்றிருக்கிறது. அவசரப்பட்டு மறுதொடக்கம் செய்யாமல் வன்தட்டு விளக்கு அணையும் வரை காத்திருங்கள். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆகாவிட்டால், டேவ் ஹேனி எழுதிய டிஸ்க்சால்வ் நிரலால் கோப்புகளை வேறு பிரிவுக்கு மீட்டெடுங்கள். எந்த நாளிலும் கோப்பைச் சேமித்த உடனே சுவிட்சை அணைக்காதீர்கள்; விளக்கு அணைந்த பின்னும் சில விநாடி பொறுங்கள்.

கோப்புகளைக் கொண்டுவர, பக்கவாட்டில் உள்ள பிசிஎம்சிஐஏ என்ற விரிவாக்க அட்டைத் துளையில் இன்னொரு காம்பாக்ட் பிளாஷ் அட்டையைச் செருகும் வழக்கம் உண்டு. அடிப்பக்கத்தில் 8 எம்பி நினைவக அட்டை வைத்திருந்தால் இது வேலை செய்யாமல் போகலாம். அத்தகைய பல அட்டைகள் பிசிஎம்சிஐஏ பயன்படுத்தும் அதே முகவரிப் பகுதியை எடுத்துக்கொள்கின்றன. நினைவக அட்டையில் 4 எம்பியாகக் குறைக்கும் ஜம்பர் இருந்தால் அதை மாற்றிவிட்டு முயலுங்கள்.