இடைக்கால வேல்ஸில் சரித்திரக் கதை எழுத: கோட்டையை விட்டுச் சட்டத்தில் தொடங்குங்கள்

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். 'இடைக்காலம்' என்று பொத்தாம்பொதுவாக வைத்துக்கொண்டால் இரண்டாம் அத்தியாயத்திலேயே சிக்கிக்கொள்வீர்கள். 1230-ல் வடக்கே குவினெத் நாட்டை ஆண்டவர் லூவெலின் ஆப் யோர்வெர்த், அதாவது யோர்வெர்த்தின் மகன் லூவெலின். அவருடைய பேரன் லூவெலின் ஆப் க்ரிஃபித்தை 1267-ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றியே வேல்ஸ் இளவரசராக ஏற்றுக்கொண்டார். 1282 டிசம்பர் 11-ல் கில்மெரி அருகே அந்தப் பேரன் கொல்லப்பட்டார். வேல்ஸை வென்ற இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் ருத்லன் சட்டம் 1284-ல் வந்தது. இதில் எந்த இடைவெளியில் உங்கள் கதை நிற்கிறது என்பதைப் பொறுத்து வழக்கு, வரி, கல்யாணம், கொலைக்குத் தண்டனை எல்லாமே மாறும்.

படங்களில் பார்க்கும் கான்வி, கார்னார்வன், ஹார்லெக் கோட்டைகள் மூன்றும் 1283 முதல் முதலாம் எட்வர்ட் கட்டியவை. 1250-ல் நடக்கும் கதையில் நாயகன் கான்வி மதிலேறிக் குதித்தால், விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். உள்ளூர் அரசரின் கற்கோட்டை வேண்டுமென்றால் டோல்வித்தலன், டோல்பாடர்ன், கிரிக்கியத் இருக்கின்றன. ஆனால் அரசவை கூடியது பெரும்பாலும் அபெர், அபெர்ஃப்ரா போன்ற ஊர்களின் அரண்மனைக் கூடங்களில்தான். வடமேற்கே உள்ள ஆங்கிலீசி தீவில் ரோசிர் அரண்மனையின் அடித்தளத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கூடத்தின் அளவும் அறைகளின் அமைப்பும் அங்கிருந்து கிடைக்கும்.

கதையின் முடிச்சை ஹவெல் தா பெயரில் வழங்கும் சட்டத்திலிருந்து எடுங்கள். அவர் 10-ஆம் நூற்றாண்டு மன்னர். கையில் கிடைக்கும் சுவடிகளோ 13-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குபவை. அதனால் அவற்றை 1200-களின் கதைக்குத் தைரியமாகவும், 950-ன் கதைக்கு யோசித்தும் பயன்படுத்துங்கள்.

பலர் தவறுவது வாரிசு விஷயத்தில். இங்கே நிலம் மூத்தவனுக்கு மட்டும் போவதில்லை, எல்லா மகன்களுக்கும் பங்கு உண்டு. தகப்பன் ஏற்றுக்கொண்டால் கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவனுக்கும் உண்டு. லூவெலின் ஆப் யோர்வெர்த் இதை மீறி, ஜான் மன்னரின் மகள் ஜோனிடம் பிறந்த இளையவன் தாவித்தை ஒரே வாரிசாக்கினார். ஒதுக்கப்பட்ட மூத்தவன் க்ரிஃபித் கடைசியில் லண்டன் கோபுரத்தில் கைதியானார். 1244-ல் கயிறு கட்டித் தப்பும்போது கயிறு அறுந்து விழுந்து இறந்தார். 1255-ல் ப்ரின் டெர்வினில் சகோதரர்களோடு மோதி ஜெயித்தவர் அந்த க்ரிஃபித்தின் மகன் லூவெலின்தான். தோற்ற அண்ணன் ஓவைனைச் சுமார் 22 வருடம் சிறையில் வைத்திருந்தார். இப்படி ஒரு பங்காளிச் சண்டை கையில் இருக்கும்போது எதற்குத் தனியாக வில்லன்?

கொலை நடந்தால் தூக்கு மேடையைத் தேடாதீர்கள். கலானஸ் என்ற உயிர் ஈடுதான் வழக்கம். சட்டச் சுவடிக் கணக்கில் சாதாரணச் சுதந்திரக் குடியானவனுக்கு 63 பசுக்கள், நில உரிமை பெற்ற மேல்தட்டுக்காரனுக்கு 126. கொன்றவன் மட்டும் இதைக் கட்டுவதில்லை. உறவினர் மீது விழும் பங்கில் தகப்பன் வழியினர் இரண்டு பாகமும் தாய் வழியினர் ஒரு பாகமும் தர வேண்டும். கொலையையே பார்க்காத ஒன்றுவிட்ட மாமன் மகன் தன் தொழுவத்தில் இருக்கும் நாலு பசுவில் எதை அவிழ்ப்பது என்று நிற்கிறான், அவன் மனைவி கறவைப் பசுவின் கயிற்றை விடமாட்டேன் என்கிறாள். ஒரு போர்க்களத்தைவிட இந்தக் காட்சியில் கனம் அதிகம். 1284-க்குப் பிறகு மன்னரின் நேரடி நிலப்பகுதிகளில் கொலைக்கு ஆங்கிலச் சட்டம் வந்துவிட்டது. சொத்துப் பிரிப்பு தொடர்ந்தது, முறைப்படி பிறக்காதவர்களுக்கு மட்டும் பங்கு போயிற்று. இங்கிலாந்து எல்லையை ஒட்டி ஆண்ட பிரபுக்களின் நாடுகளில் அவரவர் வழக்கம்தான் செல்லும்.

மணமுறிவையும் அளந்து எழுதலாம். ஏழு ஆண்டு வாழ்ந்து பிரிந்தால் சொத்து பாதிப் பாதி. பன்றிகள் அவனுக்கு, ஆடுகள் அவளுக்கு. கோழிகளும் ஒரு பூனையும் அவனுக்கு, மற்ற பூனைகள் அவளுக்கு. சட்டத்துக்கு வெளியே என்ன நடந்தது என்பதற்கு 1230 இருக்கிறது. லூவெலினின் மனைவி ஜோனோடு அறையில் அகப்பட்ட எல்லைப் பிரபு வில்லியம் டி ப்ரயோஸைத் தூக்கிலிட்டார்கள். ஜோன் ஓராண்டு காவலில் இருந்து, திரும்பக் கணவரிடம் சேர்ந்தார்.

அன்றாட வாழ்க்கைக்கு ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ் எழுதி வைத்தவை போதும். 1188-ல் பேராயர் பால்ட்வினோடு நாட்டைச் சுற்றியவர். விருந்தாளி வந்ததும் கால் கழுவத் தண்ணீர் தருவார்கள். கழுவ விட்டால் இரவு தங்குகிறார் என்று பொருள். சாப்பாடு சாயங்காலம், மூன்று மூன்று பேராக உட்கார்ந்து, மெல்லிய ரொட்டியோடு. நாணல் பரப்பி வரிசையாகப் படுப்பார்கள். பல் தேய்க்கப் பச்சை ஹேசல் குச்சி. தெற்கே குவென்ட் ஆட்கள் எல்ம் மர வில்லுக்கும், வடக்கத்தியர் நீண்ட ஈட்டிக்கும் பேர்போனவர்கள் என்கிறார். அவர் சர்ச் மனிதர், பதவி ஆசையும் உள்ளவர். புகழ்ச்சியையும் பழியையும் அப்படியே நம்பாமல், கண்ணால் கண்ட பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கு, உயரமான கறுப்புத் தொப்பி, நிலக்கரிச் சுரங்க ஊர், இன்றைய சிவப்பு டிராகன் கொடி எதுவும் வேண்டாம். ஓட்ஸ், பார்லி, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, தேன்மது போதும். போரிலும் தானியத்தை மறக்காதீர்கள். 1277-ல் எட்வர்ட் கப்பலில் ஆள் அனுப்பி ஆங்கிலீசியின் விளைச்சலை அறுத்துக்கொண்டதும் மலையிலிருந்த லூவெலினுக்குக் குளிர்காலச் சாப்பாடு போயிற்று. நவம்பரில் பணிந்தார்.

பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. மகனுக்கு 'ஆப்', உயிரெழுத்துக்கு முன் 'ஆப்'-இன் ஒலி சற்று மென்மையாகும் (ap என்பது ab ஆகும்). மகளுக்கு 'வெர்ஹ்'. கல்யாணம் ஆனாலும் பெண் தகப்பன் பெயரோடுதான் இருப்பாள். ஒரே கதையில் மூன்று லூவெலின் வந்தால் கோஹ் (சிவந்த), வஹன் (சின்ன) போன்ற அடைமொழிகளால் பிரியுங்கள், அவர்களும் அப்படித்தான் பிரித்தார்கள். தமிழில் எழுதும்போது வேல்ஸ் மொழியின் ஒற்றை எஃப் 'வ' ஆகும், இரட்டை எஃப்தான் 'ஃப்'. இரட்டை டி நம் 'அது'வில் வரும் 'த' ஒலி. ஒரு பெயருக்கு ஒரு எழுத்துமுறை என்று பட்டியல் போட்டு, கடைசி அத்தியாயம் வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.